பெற்றோர் கையொப்பம்

யிலின் படித்த சீன நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலப் பாடத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. தினமும் வீட்டில் பெற்றோர் அர்த்தம் சொல்ல, பிள்ளைகள் பத்து ஆங்கில வார்த்தைகளை எழுத வேண்டும். அடியில் பெற்றோர் கையொப்பமிட வேண்டும். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் அவளுடைய அப்பா தன் பெயரை எழுதினால் சரிந்து கிடக்கும் செங்கல் அடுக்கு மாதிரி இருக்கும். அதை வகுப்பில் காட்டக் கூசி, ஏழு மாதமாக அவர் பெயரில் அவளே கையொப்பம் போட்டு வந்தாள். அவரிடம் இந்த வழக்கத்தைப் பற்றியே மூச்சுவிடவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் ஃபாங் டீச்சர் அவளுடைய நோட்டை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினார். “யிலினோட அப்பா ஒருநாள் விடாம எழுத வெச்சிருக்காரு. அவரு கையெழுத்தைப் பாருங்க, அச்சடிச்ச மாதிரி! இன்னிக்குக் கூட்டத்துக்கு வந்தவங்க பதிவேட்டுல முதல் கையெழுத்து நீங்கதான் போடணும்,” என்று அவரிடம் திரும்பினார்.

அப்பா நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தன் பெயர் இத்தனை அழகாக எழுதப்பட்டு அவர் பார்த்ததே இல்லை. யிலின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் பேனாவை நீட்டியதும் அவர் வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“சூளையில கையில அடிபட்டுருச்சு டீச்சர். இன்னொரு நாள் போடறேன்.”

அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போது அப்பா குச்சிகளை இடது கையில் பிடித்திருந்தார். நூடுல்ஸ் வழுக்கி வழுக்கிக் கிண்ணத்தில் விழுந்தது.

“இங்க டீச்சர் இல்லப்பா,” என்றாள் யிலின்.

“ஆறிடும், சாப்பிடு,” என்றார் அவர், கையை மாற்றாமல்.