ஊக்கு போட்ட செருப்பு

இது எங்கள் விடுதி வாசல் கால்மிதி சொல்லி நான் கேட்ட கதை. நேரில் பார்க்கவில்லை.

விடுதியில் தங்கியிருக்கும் மரகதத்தின் இடது ரப்பர் செருப்பில் வார் பிடுங்கிக்கொண்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அடியில் ஒரு ஊக்கைக் குத்தி மாட்டிக்கொண்டு ஓடினாள். அன்று முழுக்க ஆபீஸ் தரையில் இடது செருப்பு மட்டும் 'டிக், டிக்' என்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் வாசலில் கிடந்தபோது இடது செருப்பு அழாக்குறையாகச் சொன்னது: "நாளைக்கு என்னைக் குப்பையில போட்டுருவா. என்னால உனக்கும் அதே கதிதான் அக்கா."

வலது செருப்பு சிரித்தது. "போடி பைத்தியம்! உனக்கு மட்டும் கொலுசு போட்டுவிட்டிருக்கான்னு நானே வயித்தெரிச்சல்ல கிடக்கேன்."

இடது செருப்புக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

காலையில் மரகதம் வந்து குனிந்தாள். இடது செருப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் எடுத்ததோ வலது செருப்பை. அன்று தெருமுனை வரை இரண்டு காலிலும் தாளம் கேட்டதாம்.

கால்மிதி எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். அதனால் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். வலது செருப்பிலும் ஊக்கு இருக்கிறது. அதன் வார் நன்றாகத்தான் இருக்கிறது.