சனிக்கிழமைக் குரல்

ரத்னாவை வேலையைவிட்டுத் தூக்கும் கடிதம் தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. ஒரகடம் ஃபேக்டரியில் எட்டு வருடமாக ஹெச்.ஆர். மேனேஜராகக் குப்பை கொட்டும் நரசிம்மன், இதைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போவதாக இருந்தார்.

போன சனிக்கிழமை ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஸ்பீக்கரில் வந்த அறிவிப்பை அவளுக்குப் போட்டுக் காட்டினார். "இன்னிக்கு ஓ.டி. கிடையாது. எல்லாரும் பஸ் ஏறலாம்." நடுவில் லேசாக ஓர் இருமல். ஓவர்டைம் இல்லையென்று முந்நூறு பெண்களும் குஷியாகக் கிளம்பிவிட, உற்பத்தி லைன் அன்று படுத்துவிட்டது.

"உன் குரல்தானே?"

"என் குரல்தான் சார். ஆனா ரெண்டு வருஷமா ஸ்பீக்கர்ல பேசறது நான் இல்லியே. கம்ப்யூட்டர்தானே என்னாட்டம் பேசிக்கினு கீது?"

உண்மைதான். அதுவரை மைக்கில் அறிவிப்பு சொல்லிவந்த அவளை அரைமணி நேரம் பேசவைத்துப் பதிவு செய்து, எதை டைப் அடித்தாலும் அவள் குரலிலேயே சொல்லும்படி செய்திருந்தார்கள்.

"கம்ப்யூட்டர் இருமுமா?"

"நீங்க பதிவு பண்ணப்போ எனக்கு ஜலதோஷம் சார்."

நரசிம்மன் முறைத்தார், அவள் அசரவில்லை. அவள் குரல் முழுக்கக் கம்பெனிக்கே சொந்தம் என்று அன்று எழுதி வாங்கிய தாளின் நகலை நீட்டினாள். கீழே அவருடைய கையெழுத்து பல்லிளித்தது.

"அப்போ பேசினதும் கம்பெனிதானே சார்? வாராவாரம் சனிக்கிழமை ஓ.டி.ன்னு என் குரல்ல சொல்லிச் சொல்லி, எங்க ஊரு மண்ணூர் பஸ்ல ஒருத்திகூட என்னாண்ட பேசறதில்ல."

நரசிம்மனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு அவருடையது. மறந்துவிடும் என்று அதை மானிட்டரிலேயே எழுதி வேறு ஒட்டியிருந்தார். விசாரணை என்று வந்தால் முதலில் உருளப்போவது அவர் தலை.

மனிதர் இறங்கிவந்தார். கடிதத்தைக் கிழித்துப் போட்டார். இனி அவள் குரல் அவளுக்கே சொந்தம், ஸ்பீக்கரில் வராது, சனிக்கிழமை நடந்ததில் அவள்மேல் எந்தத் தவறும் இல்லை என்று எழுதி, சீல் குத்திக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

தலை தப்பிய நிம்மதியில் கேன்டீனுக்கு நடந்தார். தூணுக்கு அந்தப் பக்கம், ரத்னாவின் லைனில் வேலை பார்க்கும் ஜாஸ்மின், கம்ப்யூட்டர் எப்படி அப்படி உளறியது என்று அவளைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"அது எங்கடி உளறிச்சு? மைக்ல பேசினது நான்தான்."