கிருமிக்குக் காது கிடையாது

உலகத்தில் கெஞ்சலுக்கு மசியாத ஒரே ஜீவன் மலேரியாக் கிருமிதான் என்பது ரத்தப் பரிசோதகரின் இருபது வருட முடிவு. கொசு கடித்ததும் ஈரலில் ஒண்டிக்கொள்ளும். பிறகு சிவப்பணுவுக்குள் புகுந்து, உள்ளதைத் தின்று பெருகி, குடியிருந்த வீட்டையே உடைத்துக்கொண்டு அடுத்த வீடு தேடும். அதனிடம் நியாயம் பேச முடியுமா?

அவருடைய ஆறு வயது மகள் மாடி வார்டில் நான்காவது நாளாக நடுங்கிக்கொண்டிருந்தாள். மருந்து ஏறிக்கொண்டுதான் இருந்தது.

"ஏங்க, தினமும் அதுங்க மூஞ்சியிலதானே முழிக்கிறீங்க? ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்," என்றாள் மனைவி.

"கிருமிக்கு ஏதுடி காது? லெட்டர் போடட்டுமா?"

"கேலி பண்ற நேரமா இது?"

அவர் ஆய்வகத்துக்கு இறங்கி வந்து, மகளின் ரத்தம் தடவிய கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தார். காலையில் சாயமேற்றிக் காயவைத்த தகடு. அதில் இருப்பவை எல்லாம் செத்த கிருமிகள்.

பத்து மணிக்கு எண்ணியபோது பதினொன்று இருந்தன. பதினொரு மணிக்கு அதே இடத்தில் இருபத்திரண்டு. லென்ஸைத் துடைத்தார். தன் மூக்குக்கண்ணாடியையும் துடைத்தார். பன்னிரண்டு மணிக்கு நாற்பத்து நான்கு.

மாடியிலிருந்து நர்ஸ் போன் செய்தார். "சார், பாப்பாவுக்குச் சூடு இன்னும் ஏறுது. உடனே வாங்க."

"அஞ்சு நிமிஷம், சிஸ்டர்."

ஆய்வகக் கதவைத் தாழிட்டார். தகட்டை உள்ளங்கையில் வைத்து உதட்டருகே கொண்டுபோனார்.

"ஆறு வயசுதாங்க ஆகுது," என்றார் மரியாதையாக. "நீங்க எல்லாரும் எங்கிட்ட வந்துடுங்களேன்."