பிசிறு

"சேச்சி, ஓரத்தைப் பாருங்க. எலி கொறிச்ச மாதிரி இருக்கு!"

'கைத்தொழிலைக் காப்போம்' மாநாட்டுச் செயலாளர் ரிஜின், தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

ஏலக்காய்த் தோட்ட வேலையை விட்டுவிட்டு, கேரளத்து உடும்பஞ்சோலையில் கைத்தாள் போட இறங்கியிருந்த சந்தனமேரிக்கும் அவள் தோழி ஜிபிக்கும் வந்த முதல் பெரிய ஆர்டர், அந்த மாநாட்டு அழைப்பிதழ்தான்.

"பருத்தித் துணிக்கூழைச் சல்லடையில அள்ளி எடுக்கிறோம் சார். ஓரம் பிசிறாத்தான் வரும்" என்றாள் சந்தனமேரி.

"மந்திரி வந்து உத்காடனம் பண்ணித் தொடங்கி வைக்கிற நிகழ்ச்சி. பிசிறு ஆகுமா?"

ஆகாதுதான். இருவரும் உட்கார்ந்து அத்தனை தாளுக்கும் ஓரம் வெட்டினார்கள்.

ரிஜின் மறுபடி வந்தார். "ஓரம் சரி. நடுவுல என்ன, முடி முடியா?"

"பருத்தி நூலு சார்."

"அது எதுக்குத் தெரியணும்?"

அதுவும் நியாயம்தான். கூழைத் திரும்ப அடித்தார்கள், வடிகட்டினார்கள், அழுத்திக் காயவைத்து வழவழவென்று தேய்த்தார்கள். ஜிபிக்குத் தோள்பட்டை வீங்கிப்போனது.

மூன்றாம் முறை வந்த ரிஜின் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கடைப் பேப்பர் மாதிரியில்ல இருக்கு! கையால செஞ்சதுன்னு யார் நம்புவாங்க? கொஞ்சம் பிசிறு, அங்கங்க நூலு... அதுலதானே சேச்சி உயிரே இருக்கு!"

சந்தனமேரி தாளை வாங்கி அடுக்கில் வைத்தாள். ரிஜின் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இனி நேரமில்லை. நான் வேற இடம் பாத்துக்கிறேன். ஆனா நீங்க மாநாட்டுக்குக் கண்டிப்பா வரணும்."

அடுத்த வாரம் அழைப்பிதழ் வந்தது. ஓரமெல்லாம் அழகான பிசிறு. நடுவில் மெல்லிய நூல்கள்.

"யாரு அக்கா போட்டது? நம்மள விட நல்லாப் போட்டிருக்காங்களே!" ஜிபிக்குப் பொறாமை தாங்கவில்லை.

சந்தனமேரி விரலால் தடவினாள். வழுக்கியது. பளபள அட்டை. பிசிறும் அச்சு, நூலும் அச்சு.

உள்ளே பெரிய எழுத்தில்: 'கைத்தாள் சாதனையாளர் சந்தனமேரிக்குப் பொன்னாடை.'

"நீ போவியாக்கா?"

"போகாம? வேற ஒண்ணும் இல்லைன்னாலும் துணி கிடைக்கும்டி. ரெண்டு தாளுக்குக் கூழாகும்."

போனாள். மந்திரி போர்த்தினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஜிபி ஆசையாகப் பொன்னாடையைப் பிரித்து நூலை இழுத்துப் பார்த்தாள்.

"அக்கா... பாலியெஸ்டர்."