எலுமிச்சம்பழம் கிடைக்காத சக்கரம்

உஸ்ஸென்று காற்று ஏறும் சத்தம் கேட்டது. இருட்டு டிக்கிக்குள் காற்றிறங்கிக் கிடந்த ஸ்டெப்னி டயர், "வெளியே அந்த நாலு பேருக்கும் முடியட்டும், அடுத்து நான்தான்" என்றது.

"போன லீவுக்கும் இதையேதான் சொன்னே" என்றது அதன் குழிக்குள் வலை கட்டியிருந்த சிலந்தி.

"இந்தத் தடவை மலைக்குப் போறாங்கப்பா. பஞ்சரானா குழந்தைகளோட நடுரோட்டுல நிக்கணும்."

டிக்கி திறந்தது. ஸ்டெப்னி நெஞ்சை நிமிர்த்தப் பார்த்தது, முடியவில்லை.

"ஏங்க, ஸ்டெப்னியப் பாத்தீங்களா?"

"ஒருநாள்கூட ஓடலையே, புதுசாத்தான் இருக்கும். எலுமிச்சம்பழம் வச்சியா?"

"நாலு சக்கரத்துக்கும் வச்சாச்சு."

"அப்ப கவலையில்ல."

பெட்டிகளும் முறுக்கு டின்னும் ஸ்டெப்னியின் மேல் இறங்கின. டிக்கி மூடியது. வண்டி நகர, பழங்கள் நசுங்கும் சத்தம் கேட்டது.

சிலந்தி, பெட்டி இடித்து அறுந்த இழையை மறுபடி பின்னத் தொடங்கியது.