இரண்டு மின்னல்

"ரெண்டு பேர்ல யாருண்ணே நம்ம மின்னல்?" பாறை தலையைச் சொறிந்தான். லாரியையே தூக்கிப் போடுகிறவன், இன்று பேந்தப் பேந்த விழித்தான்.

சைக்கிள் கடை மாடியில், சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு மின்னல்கள் நின்றார்கள். அதே மஞ்சள் உடுப்பு, அதே உடைந்த முன்பல், அதே திருட்டு முழி.

ஊரைக் காக்கும் அந்த இளவட்டக் குழுவில் ஆளுக்கொரு சக்தி உண்டு. அம்மா அப்பாதான் யாருக்கும் இல்லை. ஆனால் மின்னல் ஒருத்திதான். இன்னொருத்தி எதிரி செய்து அனுப்பிய போலி.

"இவதான் போலி!" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

தலைவன் கையில் நீல டார்ச் இருந்தது. அதன் வெளிச்சம் மனிதரை ஒன்றும் செய்யாது; போலி மேல் பட்டால் அந்த நிமிடமே சாம்பல்.

"அடிச்சுடுண்ணே, வேலை முடிஞ்சுது," என்றாள் சில்வண்டு. குழுவில் கடைக்குட்டி. போன வருடம் தெருவில் காய்ச்சலோடு கிடந்தவளைத் தூக்கிவந்து சோறு ஊட்டியவன் தலைவன்தான்.

"இரு, கேட்டுப் பாப்போம். பாறை எப்போ அழுதான்?"

"பூனைக்குட்டி செத்தப்போ. யார்கிட்டயும் சொல்லாதேன்னு கெஞ்சினான்." இரண்டு வாயிலிருந்தும் ஒரே பதில். பாறையின் காது சிவந்தது.

"உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று ஒருத்தி விசும்பினாள். மற்றவளும் அதையேதான் சொல்ல வந்தாள், அழுகை முந்திக்கொண்டது. எது நிஜம், எது நடிப்பு? பாறைக்குத் தலை சுற்றியது.

"என்னண்ணே, டார்ச்சை ஏன் கீழயே பிடிச்சிருக்கே? நிஜ மின்னலுக்குத்தான் ஒண்ணும் ஆகாதே!" சில்வண்டுக்குப் பொறுமை போயிற்று.

"போலின்னாலும் அழுவுதேம்மா."

"அந்த எதிரி செஞ்ச பொம்மைக்கு என்ன அழுகை? பாசமெல்லாம் அதுக்கு எங்கேர்ந்து வரும்? நீ கொடு, நான் அடிக்கறேன்."

தலைவன் அவள் பக்கம் திரும்பினான். டார்ச்சை அவள் கையில் வைத்தான். மேசையைச் சுற்றி நடந்துபோய், இரண்டு மின்னல்களுக்கும் நடுவில் நின்றான்.

"மூணு வருஷம் முன்னாடி பாலம் இடிஞ்சப்போ இந்தக் குழுவோட நிஜத் தலைவன் செத்துட்டான்மா. அவன் முகத்தோட எதிரி அனுப்பி வச்ச பொம்மை நான்," என்றான். "இப்போ டார்ச்சை அடி."