அணிலுக்குப் பிடிக்காத புத்தகம்

காட்டு நூலகத்தில் வாசகர் கூட்டம் நடந்தது. யாளிகள் போரிடும் ஒரு மாயக்கதையைப் பற்றித்தான் அன்று பேச்சு. "அற்புதம்!" என்றது ஆமை. முயலும் அதையே சொன்னது.

அணிலின் முறை வந்தது.

"எனக்குப் பிடிக்கவில்லை. எழுநூறு பக்கமும் சண்டை. ஒரு யாளிக்குக்கூடப் பசிக்கவில்லை, செத்தவர்களுக்காக யாரும் அழவில்லை. போன வாரம் கறையான்களைப் பற்றி ஒரு கட்டுரை நூல் படித்தேன். மழையில் கரைந்த புற்றை அவை மறுபடி கட்டும் இடத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது."

"கறையானுக்காக அழுதாயா?" கூட்டம் சிரித்தது.

தலைவர் மயில் தோகையை விரித்தது. "இதை எழுதியவர் என் நண்பர். கருத்துப் பதிவேட்டில் 'அருமை' என்று எழுது. இல்லாவிட்டால் உனக்கு இனி இங்கே புத்தகம் கிடையாது."

அந்தக் காட்டில் வேறு நூலகம் இல்லை. ஆனாலும் அணில் பதிவேட்டை இழுத்து, 'முழுவதும் படித்தேன், பிடிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. உறுப்பினர் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறியது.

மதியம் அணிலின் மரத்தடிக்கு ஆமை மூச்சுவாங்க வந்து சேர்ந்தது.

"நான் நாற்பதாம் பக்கத்திலேயே தூங்கிவிட்டேன்" என்றது, தரையைப் பார்த்தபடி.

"அதைப் போய்ப் பதிவேட்டில் எழுது."

"என் அட்டையும் போய்விடுமே!"

"போகும்" என்றது அணில்.

ஆமை மெல்லத் திரும்பியது. பிறகு, நூலகம் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று, வந்த வழியே வேகமாக நடக்கத் தொடங்கியது.